புகாருக்கு முன் முப்பத்தேழு வணக்கங்கள்

செடிக்கடைக்காரர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோன அதே வாரத்தில் நீர் வாரியத்தின் புகார்க் கவுண்டரும் நின்றுபோயிருந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வாரியம் பின்னால் விளக்கம் கொடுத்தது. அது உண்மைதான். வாரியத்துக்கும் தண்ணீருக்குமே அந்தச் சமயத்தில் பெரிய தொடர்பு இருக்கவில்லை.

கடையும் வீடும் ஒரே வளாகம். முன்பக்கம் பச்சை வலைப் பந்தலின் கீழ் ஆயிரத்துச் சொச்சம் செடிகள், பின்பக்கம் இரண்டு அறைகளில் அவரும் மனைவியும். காலை ஆறு மணிக்குக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, ரோஜாவில் ஆரம்பித்து பெரணியில் முடிப்பது அவருடைய இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை டியூபை மாட்டித் திறந்தபோது குழாய் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டில் வேறு தெருவின் இணைப்பு என்பதால் அங்கே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மனைவி அங்கிருந்து குடத்தில் சுமந்தாள். முதல் நாள் அந்த வீட்டம்மாள் கதவைத் திறந்துவைத்து "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றாள். மூன்றாம் நாள் கதவு பாதிதான் திறந்தது.

"போய்ச் சொல்லிட்டு வாங்களேன். உங்களுக்காக அவங்களே வந்து கேப்பாங்களா?" என்றாள் மனைவி.

அவர் போனார்.

புகார்க் கவுண்டரின் கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தது. அதன் மேல் புதுப் பலகை: 'புகார் இனி உங்கள் கையில்'. ஜன்னலுக்குப் பின்னால் பழைய குமாஸ்தா அதே நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் இப்போது அவர் குமாஸ்தா இல்லை, வழிகாட்டி என்று மேஜையில் எழுதியிருந்தது.

"தண்ணி வரலைங்க. நாலு நாளாச்சு."

"ஆப்ல போடுங்க."

செடிக்கடைக்காரர் போனை எடுத்து நீட்டினார். வழிகாட்டி அதைத் தொடவில்லை.

"ஆப் இன்னும் வரலை சார். மூணு வாரத்துல வெளியீட்டு விழா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் புகார் கிடையாது. கவுண்டரை மூடியாச்சு, ஆப் வரலை. வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு புகார்கூடப் பதிவாகாத மாசம் இதுதான்." குரலில் பெருமை இருந்தது. "மேலிடத்துல ரொம்ப சந்தோஷப்படறாங்க."

செடிக்கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் வரவேற்புப் பிரிவு இயக்குநர் படியிறங்கி வந்தார். வரவேற்புப் பிரிவு என்பது வாசலில் நின்று வரவேற்பது அல்ல. ஒரு மனிதர் வாரியத்தின் செயலியை முதன்முதலாகத் திறக்கும்போது அவருக்கு என்ன நேர வேண்டும் என்று தீர்மானிப்பது. பதினான்கு பேர் பதினெட்டு மாதமாக அதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் நின்று, செடிக்கடைக்காரரின் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஆப் எல்லாம் பயன்படுத்தற வழக்கம் உண்டா?"

"பாட்டு கேப்பேன் சார். அதுவும் மச்சினன் போட்டுக் குடுத்தது."

"ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம் சார்."

இயக்குநர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இதுவரை வாரியத்தின் ஊழியர்களை வைத்தே செயலியைச் சோதித்துவந்ததாகவும், அவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதால் யாருக்கும் வியப்பு வரவில்லை என்றும், அசலான ஒரு புது ஆளுக்காகத் தாம் ஏங்கிப்போயிருந்ததாகவும் சொன்னார். சோதனைக்கு ஒத்துழைத்தால் விழா வரை காத்திருக்க வேண்டாம், உள்ளேயே புகாரைப் பதிந்துவிடலாம் என்றும் சொன்னார். கடைசி வாக்கியம் மட்டும்தான் செடிக்கடைக்காரருக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு சோபா, ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு போன். எதிரே கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் துணை இயக்குநர் அம்மா நடுநாயகமாக, இரண்டு பேனாக்களோடு.

"உங்க வீட்டுல இருக்கற மாதிரியே இருங்க," என்றார் இயக்குநர்.

செடிக்கடைக்காரர் பட்டனைத் தொட்டார். போன் முழுக்க மழை பெய்தது. சடசடவென்று கனமான, நல்ல மழை. ஓடைகள் ஓடின, ஏரி நிரம்பி வழிந்தது. நான்கு நாளாக அவ்வளவு தண்ணீரை அவர் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண் கலங்குது. எழுதிக்குங்க," என்றார் இயக்குநர் கண்ணாடியைப் பார்த்து.

மழை ஓய்ந்ததும் ஒற்றைக் கண்ணோடு ஒரு நீர்த்துளி எட்டிப்பார்த்தது. 'வணக்கம். நான் துளி. நாம் நண்பர்கள் ஆகலாமா?' என்றது. 'ஆகலாம்', 'கண்டிப்பாக ஆகலாம்' என்று இரண்டு பட்டன்கள் இருந்தன. அடுத்த பக்கத்தில், 'இன்று நீங்கள் எந்தத் துளி? மகிழ்ச்சித் துளியா, அமைதித் துளியா, சாகசத் துளியா?'

"தண்ணி வராத துளி இருக்குதா சார்?"

கண்ணாடிக்கு அப்பால் நான்கு பேரும் குனிந்து எழுதினார்கள்.

ஐந்தாம் பக்கத்தில் வாரியத் தலைவர் தோன்றிக் கைகூப்பினார். அவர் பேசி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. தாண்டிப் போக வழி வைக்கவில்லை. ஒன்பது முதல் பதினான்கு வரை சட்டப் பிரிவு. பதினைந்தில் துளி ஒரு சிறு நடனம் ஆடியது. பதினாறில், நீங்கள் குழந்தையாக இருந்தபோது தண்ணீரோடு உங்களுக்கிருந்த உறவு பற்றி நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொன்னது. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பிரிவு கேட்டு வாங்கியது என்று இயக்குநர் விளக்கினார். பொறியியல் பிரிவுகூட ஒரு பக்கம் கேட்டதாம். குழாய், வால்வு, அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். வறட்சியாக இருக்கிறது என்று நீக்கிவிட்டார்களாம்.

"புகாரை எங்க சார் போடறது?"

"அது முப்பத்தெட்டாவது பக்கம். அவசரப்படாதீங்க." இயக்குநர் சோபாவில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். வாசல்லயே நிக்க வெச்சு, என்ன வேணும்னு கேட்டா அது மரியாதையா?"

"கடைக்கு வர்றவங்களை நான் அப்படித்தான் சார் கேக்கறேன். ரோஜாவா குரோட்டன்ஸான்னு."

"அதனாலதான் உங்களோடது கடையாவே இருக்கு," என்றார் இயக்குநர் பரிவோடு.

இருபத்திரண்டாம் பக்கத்தில் மணி ஐந்தாகிவிட்டது. நாளைக்கு முதலிலிருந்து தொடரலாம் என்றார்கள். முதலிலிருந்து என்பதற்கும் தொடரலாம் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கேட்கவில்லை.

மறுநாள்தான் விபரீதம் நடந்தது. புகாரை எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் வந்த செடிக்கடைக்காரர், மழையை ஒரே தட்டில் நிறுத்தினார். துளி வணக்கம் சொல்வதற்குள் கண்டிப்பாக ஆகலாம் என்றார். சாகசத் துளி என்றார். நடனம் ஆரம்பிப்பதற்குள் தாண்டிவிட்டார். தலைவர் பேசிய நான்கு நிமிடம் மட்டும் காலைச் சொறிந்துகொண்டு காத்திருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் யாரும் எழுதவில்லை. துணை இயக்குநர் அம்மா பேனாவை மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்து, அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியுது," என்றார் இயக்குநர். முகம் வாடிவிட்டது. "நேத்து எவ்வளவு அழகா திணறினார். ஒரே ராத்திரியில கெட்டுப்போயிட்டாரே."

செடிக்கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாவிட்டாலும் பெரிய தப்பாகத்தான் இருக்க வேண்டும். "மன்னிச்சுக்குங்க சார், வேணும்னு பண்ணலை," என்றார்.

துணை இயக்குநர் அம்மா விதிமுறையைப் புரட்டிப் பார்த்து அவருக்கு மூன்று நாள் மறதி விடுப்பு பரிந்துரைத்தாள். விடுப்பு முடிந்து வரும்போது, கண்டதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஒரு சிறு தேர்வு.

அந்த மூன்று நாளில் செடிகள் பேச ஆரம்பித்துவிட்டன. செடிக்குத் தண்ணீர் போதுமா என்று அவர் இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பார், கனம் சொல்லிவிடும். மூன்றாம் நாள் காலை, பந்தலில் தொங்கிய ஒரு பெரணிக் கூடையை எடுத்தார். கையில் ஒன்றுமே இல்லாததுபோல் மேலே வந்துவிட்டது. அதைத் திரும்ப மாட்ட மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் பதியம் போட்டு வளர்த்த ரோஜாக்களின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு இப்போது தட்டினால்தான் திறந்தது.

தேர்வில் ஒரே ஒரு கேள்வி.

"துளிக்குக் கண் எத்தனை?" என்று கேட்டாள் துணை இயக்குநர் அம்மா.

"ஒண்ணும்மா. இன்னொண்ணு அந்தப் பக்கம் இருக்குமோ என்னமோ. பக்கவாட்டுலதான நிக்குது."

அவள் வருத்தத்தோடு தலையாட்டினாள்.

வீட்டில் மனைவிக்கு இதைக் கேட்டதும் தாங்கவில்லை. "தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. அஞ்சு சாமான் வாங்கிட்டு வாங்கன்னா ரெண்டை மறந்துட்டு வர்ற மனுஷன், அங்க போய் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வருது."

"கேட்டா வாய்ல வந்துடுது. என்ன பண்ணச் சொல்ற?"

வாரியத்துக்கும் அவர் சங்கடமாகிப்போனார். அவர் புதிய பயனாளர் இல்லை, ஏனென்றால் பார்த்துவிட்டார். பழைய பயனாளரும் இல்லை, ஏனென்றால் பதிவு செய்யவில்லை. அவருக்காகவே இடைநிலைப் பயனாளர் என்று ஒரு வகையை உண்டாக்கி, அந்த வகையினர் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஆராய ஐந்து பேர் குழு ஒன்றையும் அமைத்தார்கள். குழு முதல் கூட்டத்திலேயே, இடைநிலைப் பயனாளர்களுக்கென்று தனியாக ஒரு வரவேற்பு தேவை என்று முடிவு செய்தது.

"அப்ப என் புகார்?" என்றார் செடிக்கடைக்காரர்.

"விழா அன்னைக்குத் தலைவரே உங்க சார்பா மேடையில பதிவு பண்ணுவார். வாரியத்தோட முதல் செயலிப் புகார் உங்களோடதுதான். இதைவிட என்ன வேணும்?" இயக்குநர் அவர் தோளில் கைவைத்தார். "சரி, வீட்டுல என்ன தொழில்?"

செடிக்கடை என்று சொன்னதும் இயக்குநருக்கு இன்னொரு யோசனை உதித்தது. விழாவுக்குப் பசுமை என்பதுதான் கருப்பொருள். மேடைக்கு இருநூறு செடி வேண்டும். தளதளவென்று இருக்க வேண்டும்.

"தண்ணி இல்லாம தளதளன்னு எப்படி சார் இருக்கும்?"

"நியாயமான கேள்வி," என்றார் இயக்குநர், முதல் தடவையாக. மறுநாள் காலை ஏழு மணிக்கு வாரியத்தின் டேங்கர் லாரி கடை வாசலில் நின்றது.

மனைவி ஓடிப்போய் டியூபை எடுத்து வந்தாள். ஆனால் லாரியோடு ஒரு கண்காணிப்பாளரும் இறங்கினார். இந்தத் தண்ணீர் விழா அலங்காரத் தேவைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது என்றார். இருநூறு தொட்டிகளில் 'வரவேற்புப் பிரிவு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டிக்கர் உள்ள செடிக்கு மட்டும் தண்ணீர் போகிறதா என்று பார்த்தார்.

"பக்கத்துத் தொட்டியில ரெண்டு சொட்டு விழுந்தா என்ன சார்?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்குப் புகார் குடுங்கம்மா. முறையா வரும்."

அவள் டியூபைச் சுருட்டி வைத்தாள். கண்காணிப்பாளர் போன பிறகு ஸ்டிக்கர்களை நகத்தால் மெல்லக் கிளப்பி, வேறு இருநூறு தொட்டிகளில் ஒட்டினாள். அடுத்த நாள் அந்த இருநூறுக்குத் தண்ணீர் கிடைத்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு இருநூறு. கண்காணிப்பாளர் தினமும் காலையில் எண்ணினார். தினமும் சரியாக இருநூறு இருந்தது. ரோஜா இருந்த இடத்தில் பெரணி இருப்பதையோ, முந்தாநாள் பார்த்த செம்பருத்தி இன்று காகிதப்பூவாக மாறியிருப்பதையோ அவர் கவனிக்கவில்லை. அவருடைய தாளில் செடியின் பெயருக்கு இடமில்லை. அப்படியும் ஐந்து நாளுக்கு ஒருமுறை என்பது பெரணிக்குப் போதவில்லை. விழாவுக்குள் நாற்பது கூடைகளை அவர்கள் கொட்டிக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

விழா காலை பத்து மணிக்கு, வாரியத்தின் கூட்ட அரங்கில். செடிக்கடை இருந்த தெருவிலிருந்து அரங்கு பத்து நிமிட நடை. மேடையில் இருநூறு செடிகள், அவற்றுக்குப் பின்னால் பெரிய திரை. தலைவர் பேசினார்.

"முன்னெல்லாம் தண்ணி வரலைன்னா ஜனங்க நேரா நம்ம ஆபீசுக்கே வந்துடுவாங்க. வெயில்ல வரிசையில நிப்பாங்க. நமக்கும் வேலை கெடும், அவங்களுக்கும் கஷ்டம். அந்தக் கஷ்டம் இனி கிடையாது. வீட்டுல உக்காந்தே நிக்கலாம்." கைதட்டினார்கள். "தண்ணி குடுக்கறதை எந்த வாரியம் வேணும்னாலும் செய்யலாம். அதுக்குக் குழாய் போதும். அனுபவம் குடுக்கறது அப்படி இல்லை. ஒரு வருஷமும் ஆறு மாசமும் நாங்க தண்ணியைப் பத்தி நினைக்கவே இல்லை. உங்களை எப்படி வரவேற்கறதுங்கறதை மட்டுமே நினைச்சோம்."

பிறகு போனைத் தொட்டார். பெரிய திரையில் மழை கொட்டியது. எந்தத் துளி என்று கேட்டபோது தலைவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். ஐந்தாம் பக்கத்தில் அவரே தோன்றியதும், எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால், தான் பேசுவதைத் தானே கைகட்டிக் கேட்டார். சட்டப் பிரிவின் முதல் பக்கத்தில் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

செடிக்கடைக்காரர் கடைசி வரிசையில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் மண் கறை படிந்த சட்டையோடு ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். காலடியில் மனித உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அரங்கு நிறைய வேண்டும் என்று களப் பணியாளர்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். தெருத்தெருவாக வால்வு திறந்து மூடுகிறவர் அவர்.

"இது எப்ப முடியும்?" என்று கேட்டார் வால்வுக்காரர்.

"முப்பத்தெட்டு இருக்குங்க. இப்ப பத்து."

"நீங்க எந்தப் பிரிவு?"

"நான் புகார் குடுக்க வந்தவன். மூணு வாரமா எங்க தெருவுல தண்ணி வரலை."

வால்வுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தத் தெரு?"

செடிக்கடைக்காரர் சொன்னார்.

"முக்குல தபால் பெட்டி இருக்குமே, அதுவா? அங்க ஒரு ஜாயின்ட் போட்டோம். அதுக்காக வால்வை மூடினவன் மறுநாள் லீவுல போயிட்டான். இந்த மூணு வாரமா ஒரு புகாரும் வரலையா, ஊருக்கெல்லாம் தண்ணி போகுதுன்னு நினைச்சுட்டோம்." சாவியைத் தூக்கித் தோளில் வைத்தார். "வாங்க, காலை நீட்டினாப்பலயும் இருக்கும்."

இருவரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். தபால் பெட்டிக்கு அருகில் வட்ட மூடியைக் காலால் தள்ளி, சாவியை உள்ளே இறக்கி, வால்வுக்காரர் பதினோரு சுற்று சுற்றினார். முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் மூச்சு வாங்கியது. மண்ணுக்கடியில் எங்கேயோ கடகடவென்று சத்தம் ஓடியது. தெருவின் மறுகோடியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. பெயர் சொல்லியெல்லாம் கூப்பிடவில்லை. "என்னங்க" என்று ஒரே ஒரு தடவை.

செடிக்கடைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். குழாய் செம்மண் நிறத்தில் துப்பிவிட்டு, பிறகு தெளிந்து வந்தது. மனைவி டியூபின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து, ரோஜா, பெரணி என்று பாராமல் மிச்சமிருந்த செடிகள் எல்லாவற்றின் மேலும் வீசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பது கூடை காலியாகத் தொங்கிய இடத்தை அவரும் பார்க்காமல்தான் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். எனக்காகத்தான் அங்க உக்காந்திருக்காங்க," என்றார்.

அவரும் வால்வுக்காரரும் அரங்குக்குத் திரும்பியபோது தலைவர் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தார். வியர்த்திருந்தது. முன்வரிசையில் சிலர் தூங்கியிருந்தார்கள். இன்னொரு அரை மணியில் முப்பத்தெட்டாம் பக்கம் வந்தது. திரையில் வெள்ளையாக ஒரு கட்டம், மேலே 'உங்கள் புகார்'. அரங்கமே எழுந்து கைதட்டியது.

"நம்ம முதல் புகார்தாரர் எழுந்து நிக்கணும்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் இயக்குநர்.

செடிக்கடைக்காரர் எழுந்தார். "தண்ணி வந்துடுச்சு சார்," என்றார். "இவர்தான் திறந்துவிட்டார். ரொம்ப நன்றிங்க."

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது. தலைவர் விரலைத் தூக்கியபடியே இருந்தார். கட்டத்தில் எதையாவது எழுதாமல் செயலி அவரை வெளியே விடாது என்பது அப்போதுதான் தெரியவந்தது. இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி, சிரித்த முகம் மாறாமல், கடைசி வரிசைக்கு வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்றார் தணிந்த குரலில். "தலைவர் உண்மையில்லாததை எழுதமாட்டார். இப்ப அங்க என்ன எழுதுவார்?" வால்வுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க போய் அரை மணி நேரம் மூடிட்டு வாங்க. பதிவானதும் திறந்துக்கலாம்."

வால்வுக்காரர் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி ஓடற வால்வைச் சும்மா மூட முடியாது சார். முறையா வரணும். ஆப்ல போடுங்க."

இயக்குநர் மேடையைப் பார்த்தார். தலைவரின் விரல் இன்னும் மேலேதான் இருந்தது. வேறு வழி தெரியாமல் அவர் தன் போனை எடுத்துச் செயலியைத் தேடினார். தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது.

"சாருக்கு இது பழக்கந்தானே," என்றார் செடிக்கடைக்காரர்.

"இல்லை," என்றார் இயக்குநர். "இதுதான் முதல் தடவை."

செடிக்கடைக்காரர் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். "உக்காந்துக்குங்க சார், நேரமாகும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.